தண்ணீர் நிற்கவில்லை

சபையாருக்கு ஸ்தோத்திரம். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். எழுந்து நின்று சாட்சி சொல்லக் கூச்சம்.

1997 தை மாதம். புயலில் உடைந்த ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தைச் சரிசெய்ய காஞ்சிபுரத்துப் பக்கம் ஏனாத்தூரிலிருந்து ஆறு பேர் போனோம். அலைதடுப்புச் சுவருக்குக் கிரேன் பாறைகளை இறக்கும். இடுக்குகளில் சின்னக் கல் சொருகி இறுக்குவது என் வேலை. கடல் தினமும் ஏறி வற்றும் என்று நான் அறியேன். மழை பெய்தால்தான் தண்ணீர் ஏறும் என்று ஏரியை வைத்து நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை கிரேன் பழுது. முந்தின நாள் சுவரோரம் இறக்கிய பாறையைச் சுற்றிக் கட்டிய சங்கிலி அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. தண்ணீர் வற்றியிருந்ததால் இறங்கி உட்கார்ந்து, அதன் அடியில் கல் சொருகினேன். பாறை சரிந்து என் வலது காலைப் பிடித்துக்கொண்டது.

கத்த வெட்கப்பட்டேன். நானே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இடுப்புக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் கத்தினேன். எங்கள் ஆட்கள் கடப்பாரையால் நெம்பினார்கள். பாறை இன்னும் அழுத்தியது. அவர்களில் என் பக்கத்து வீட்டு ஆறுமுகம் அழுதான். அதைப் பார்த்ததும் வீட்டு நினைவு வந்தது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். “ஆண்டவரே, தண்ணீரை நிறுத்தும்” என்று கதறினேன். தண்ணீர் நிற்கவில்லை. மார்புக்கு வந்தது.

குப்பன் என்ற மீனவப் பெரியவர் இரண்டு படகுகளைக் கொண்டுவந்தார். பாறைக்கு இரு பக்கமும் நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கட்டைகள் போட்டு, சங்கிலியை அதில் இறுக்கிக் கட்டினார். பிறகு படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இழு மாமா!” என்றான் ஆறுமுகம்.

“நீ இழுத்தா வந்துடுமா? தண்ணி ஏறிக்கினு இருக்குது பாரு. அது படகைத் தூக்கும், படகு கல்லைத் தூக்கும். சும்மா இருபா.”

“அதுக்குள்ள அவன் முழுகிடுவானே!”

குப்பன் என்னைப் பார்த்தார். “யோவ் காஞ்சிபுரம், மூஞ்சை மேல தூக்கிக்கினு இரு. இன்னும் ஒரு சாண் ஏறணும். ஏறலன்னாதான் உனக்கு ஆபத்து.”

எதை நிறுத்தச் சொல்லி அழுதேனோ, அதுவே வர வேண்டுமாம். “வரட்டும் ஆண்டவரே” என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மோவாயைத் தொட்டது. ஒரு அலை மூக்கை மூடியது. உப்புத் தண்ணீர் குடித்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

கட்டை முனகியது. சங்கிலி விறைத்தது. பாறைக்கும் காலுக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் புகுந்தது.

“இப்போ அவனை இழுபா!” என்றார் குப்பன்.

கால் வந்துவிட்டது. தோல்தான் போயிருந்தது.

நான் கேட்டபடி தண்ணீர் நின்றிருந்தால் என் கதி என்ன? குப்பன் வேறு சாமி கும்பிடுகிறவர். அவரை அனுப்பியவர் என் ஆண்டவர். குப்பனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் குடித்துக்கொண்டிருந்தேன், அதையும் அன்றோடு விட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அலைச் சத்தம் கேட்டால் இன்றும் கால் இழுக்கிறது. உங்களுக்கும் கழுத்துவரை வந்திருக்கலாம். பயந்துகொண்டே கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார்.

எழுதி முடித்தது: 14 ஆகஸ்ட் 1999, சனிக்கிழமை.