கிழக்குப் பகுதியை இடிக்க வேண்டாம் என்றவர்

திங்கட்கிழமை மதியம், இப்போது நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. வசந்தா அக்கா காலமாகிவிட்டார். மாரடைப்பாம். "கடைசி வரைக்கும் அந்த வீட்டைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா" என்றார் அவருடைய கணவர். எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கட்டடங்களைத் திருத்தும் கட்டடக் கலைஞர் அவர். சுவிஸில், பேர்ண் நகரில் ஒரு நிறுவனம் வேலை கொடுத்து அழைத்திருந்தது. நான் மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தவள். பேர்ணுக்கு வெளியே ஒரு பழைய பிரபு மாளிகை அப்போது வயோதிபர் இல்லமாக இருந்தது. அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது என் வேலை.

அந்த மாளிகையின் நடுவில் இடைக்காலத்துக் கற்கோபுரம் ஒன்று. பின்னால் வந்தவர்கள் அதன் மேல் மரச்சட்ட மாடி வைத்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் அம்பு விடும் துவாரங்களை உடைத்துப் பெரிய ஜன்னல்கள் போட்டார்கள். அதற்கும் பின் வந்தவர்கள் கிழக்கே நீளமாக ஒரு பகுதியைக் கட்டினார்கள். எங்கள் காலத்தில் லிஃப்டும் வந்தது.

மாளிகையை வாங்கிய புதிய முதலாளி அதை ஹோட்டலாக்க நினைத்தார். அளவெடுக்க வந்தவர்தான் அக்கா. காபித் தட்டை ஜன்னல் கல்லில் வைத்தேன், பாய்ந்தார். "அது நானூறு வருஷத்துக் கல்லுங்க. தட்டு வைக்கிற இடமில்ல."

"ஓம், நானூறு வருஷமா ஆரோ ஒராள் அதில கோப்பை வைச்சுக்கொண்டுதான் இருந்திருப்பாங்க" என்றேன். சிரித்துவிட்டார். அன்றிலிருந்து சிநேகம். ஆனால் அந்த வாய் திருந்தவில்லை. என் இடியப்பத்தை வயிறாரத் தின்றுவிட்டு, "இந்தக் கெட்டி சுண்ணாம்புச் சாந்துக்கு இருந்தா நல்லாருக்கும்" என்றவர் அவர்.

சுவரில் உள்ளங்கையளவு சுரண்டி, பூச்சின் அடுக்குகளைப் பார்த்து எது எப்போது சேர்ந்தது என்பார். "இந்த வீட்டுக்கு ஒரு வயசு கிடையாதுங்க. கை வைக்கிற இடத்துக்கெல்லாம் ஒரு வயசு."

முதலாளிக்கோ கோபுரம் மட்டும் வேண்டும். பிற்காலத்தில் சேர்ந்ததெல்லாம் அழுக்காம், உரித்தெடுத்தால் அசல் வெளிப்படுமாம். அக்காவின் ஷெஃப்பும், இங்கே மேலாளரை அப்படித்தான் சொல்வார்கள், தலையாட்டினார். ஆனால், ஜன்னல்களுக்காகக் கல்லை உடைத்தபோது கோபுரத்தின் கிழக்குச் சுவர் சாயத் தொடங்கியதால்தான் கிழக்குப் பகுதியையே கட்டினார்கள், அதுதான் சுவரைத் தாங்குகிறது என்று அக்கா கண்டுபிடித்திருந்தார். அரசாங்க அதிகாரி பார்வையிட வரும்போது அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று ஷெஃப் சொல்லிவிட்டார்.

இந்த நாட்டில் தங்குவதற்கான அக்காவின் பேர்மிட் அந்த வேலையோடு கட்டுண்டது. கணவரை அழைப்பதற்காக வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். "அக்கா, பேசாம இருங்கோ. வீடு அவங்கட, காசு அவங்கட. உங்களுக்கென்ன?" என்று கெஞ்சினேன்.

"சுவர் என் பேர்மிட்டப் பாத்துட்டு நிக்காதுங்க" என்றார்.

மறுநாள் அதிகாரி கேட்டார், அக்கா சொன்னார். ஷெஃப் புன்னகை மாறாமல், "எங்கள் கட்டடங்கள் இவருக்குப் புதிது" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதமே அக்காவின் வேலை போயிற்று, பின்னாலேயே பேர்மிட்டும். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "அந்த இடியப்பத்த மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். பாவி மனுஷி, அழவும் விடவில்லை.

முதியவர்களை வேறு இல்லங்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள். கிழக்குப் பகுதியை இடித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் கோபுரம் பிளந்தது.

இந்த வியாழக்கிழமை அந்த ஷெஃப் எனக்குப் போன் செய்தார். நாங்கள் சிநேகம் என்று அவருக்குத் தெரியும். சுவரை எந்த இடத்தில் தாங்குவது என்று அக்காவிடம் கேட்க வேண்டுமாம், நம்பர் இருக்கிறதா என்றார். இறந்துவிட்டார் என்றேன்.

"ஷாடே" என்றார். வருத்தமாம். பஸ் தவறினாலும் இங்கே அதே சொல்தான். அடுத்த மூச்சிலேயே, "அவர் எடுத்த அளவுகள் கணவரிடம் இருக்குமா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

நேற்று பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பிளவுக்குள் என் கை போகிறது. முதியவர்களின் கட்டில்கள் இருந்த இடத்தில் இரும்புக் கம்பங்கள் சாய்வாக நின்று சுவரைத் தாங்குகின்றன. இரும்புக்குப் பேர்மிட் தேவையில்லை.

வசந்தா அக்கா, போய் வாருங்கள் என்றுதான் வழியனுப்ப வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. இவர்களிடம் நீங்கள் திரும்பி வரவே வேண்டாம். போங்கள் அக்கா.