தூக்கிக் கொடுப்பதில் யார் கெட்டி

கள்ளக்குறிச்சியில் வாலிபால் ஃபைனல் முடிந்து டீக்கடைக்குப் போனோம். கல்வராயன் மலையிலிருந்து வந்த எங்கள் ஊர்ப் பையன்கள் ஜெயித்திருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் பெரியவர்கள் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் அந்தக் காலத்து ஆள் கெட்டியா, இந்தக் காலத்து ஆளா? சின்னசேலத்துக்காரனா, ரிஷிவந்தியத்துக்காரனா?

"மலையில இன்னிக்குத் தூக்கிக் குடுத்த இந்தப் பையன்தான் மொத ஆளு. அப்பல்லாம் அங்க யாரு இருந்தா?" என்றார் ஒருவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் ஆடிய காலத்தில் எங்களுக்குத் தூக்கிக் கொடுத்த என் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். பகல் ஆட்டங்களில் இதே ஊர்களை வரிசையாகத் தோற்கடித்திருக்கிறோம். ஆனால் ஃபைனலை எப்போதும் இருட்டிய பிறகு விளக்குப் போட்டுத்தான் வைப்பார்கள். மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸோ பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடும். நாங்கள் பஸ் ஏறுவோம்; எங்களிடம் தோற்றவர்கள் எங்கள் இடத்தில் ஃபைனல் ஆடுவார்கள். இந்த வருஷம் வேன் பிடித்து வந்ததால் தங்க முடிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரியவர் அண்ணனிடமே கேட்டார்: "நீங்க ஆடியிருக்கீங்களா?"

"ஆடிக்கினு இருந்தேங்க," என்றார் அண்ணன். "ஃபைனல இன்னிக்குத்தான் பாத்தேன்."