சஃபெத் அழித்த வரி

சஃபெத்தின் கடைக்கு நேர் எதிரே பதினோரு வருஷம் பித்தானும் ஜிப்பும் விற்றவள் நான். துருக்கியின் இஸ்மீரில், கெமரால்தி கடைத்தெருவில் செருப்புக்காரர்களைத் தாண்டியதும் வருகிற பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நடுவில் நாலடி அகலத் தாழ்வாரம். அவன் தும்மினால் நான் வாழ்த்துச் சொல்வேன், நான் தும்மினால் அவன் சொல்வான். ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள அது போதும்.

முதலில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். எண்பத்தாறில் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாமன் ஒரு கொமடோர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருஷமே ரேடியோக்கள் மேசைக்குக் கீழே போய்விட்டன. மேசைமேல் ஒரு டிவி, மூன்று டேப் ரெக்கார்டர், சுவர் முழுக்க கேசட். விளையாட்டுகளை நகல் எடுத்துத் தருவதுதான் தொழில். புது கேசட் வாங்க முடியாதவர்கள் வீட்டிலிருந்து பழைய பாட்டு கேசட்டைக் கொண்டுவருவார்கள். பாட்டு அழியாமலிருக்க அதன் மேல்விளிம்பில் விட்டிருக்கும் இரண்டு ஓட்டைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, பாட்டின் மேலேயே விளையாட்டைப் பதிந்து கொடுத்துவிடுவான்.

இதைத் திருட்டு என்று அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். நான் விற்ற இத்தாலியப் பித்தான்கள் எல்லாம் அடுத்த தெருவில் வார்த்தவை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டைச் செய்தவன் பெயர் யாருக்கும் வேண்டாம். கைமாற்றியவன் பெயர்தான் வேண்டும். ஜெர்மனியில் ஒருவன், நகல் எடுக்கவிடாமல் விளையாட்டில் வைத்திருக்கும் பூட்டை உடைத்து முதல் திரையில் தன் பெயரைப் போடுவான். இஸ்தான்புல்லில் ஒருவன் அதை அழித்துத் தன் பெயரை எழுதுவான். இங்கே வந்ததும் அதையும் அழித்து, ‘சஃபெத் கெமரால்தி’ என்று இவன் போட்டுக்கொள்வான். போடாவிட்டால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். கம்ப்யூட்டரின் பின்னால் ஓர் அட்டையைச் செருகி, ஓடுகிற விளையாட்டை நிறுத்தி, எழுத்துகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து மேலே எழுதிவிடுவான். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் வெஜ்தி வந்தார். கோனாக் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் குமாஸ்தா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருப்பார். பேச்சு திக்கும். அதனாலேயே பேசமாட்டார். கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

“என்ன விளையாட்டு இது, வெஜ்தி பே?” என்று மரியாதையாகக் கேட்டான் சஃபெத்.

“இ... இது நான் செஞ்சது.”

“நீங்களா? காலங்காத்தால என்னை ஓட்டாதீங்க.”

போட்டுப் பார்த்தான். ஒரு படகு வளைகுடாவைக் கடக்கிறது. அலை, மீன்பிடிப் படகுகள், காற்று. எல்லாவற்றிலும் தப்பித்துத் துறையில் இடிக்காமல் நிறுத்த வேண்டும். நானும் எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சஃபெத் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டான்.

“அதெல்லாம் வேணாம். பசங்க விளையாடட்டும். மொத திரைய மட்டும் அ... அப்படியே விட்டுடுங்க. கொஞ்சம் எழுதியிருக்கேன்.”

“ஒரு புள்ளிகூட தொடமாட்டேன். கவலைய விடுங்க.”

அவன் பொய் சொல்லவில்லை, அதற்கு நான் சாட்சி. ஆனால் அது ஆகஸ்ட் கடைசி வாரம். ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கார்களில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போவதற்குள் அவர்களிடமிருந்த புது விளையாட்டுகளை எல்லாம் நகல் எடுத்தாக வேண்டும். ஒரே நாளில் முப்பது கேசட். ஒவ்வொன்றாக நிறுத்தினான், அழித்தான், பெயரைப் போட்டான். வெஜ்தியின் கேசட்டும் அந்த வரிசையில்தான் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து வெஜ்தி வந்து தன் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதில் அவர் எழுதியது அப்படியே இருந்தது, அழிந்தது கடையின் நகலில்தான். அப்போது கடை டிவியில் அவருடைய படகுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து முதல் திரை வந்தது. ‘சஃபெத் கெமரால்தி.’ அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். சஃபெத் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ கேசட் தேடிக்கொண்டிருந்தான்.

“ந... நல்லா ஓடுது,” என்றார் வெஜ்தி. போய்விட்டார்.

நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வாய் திறப்பவள், அன்றைக்கு ஜிப் அளந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில் படகுத்துறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் உயிர் போய்விட்டது. நாற்பதாம் நாள் அவர் மனைவி நெபாஹத் தெருமுனையில் அவர் பேரில் லோக்மா உருண்டை பொரித்து வழிப்போக்கர்களுக்குக் கொடுத்தாள். வரிசையில் நின்று நானும் சஃபெத்தும் வாங்கிச் சாப்பிட்டோம். பாகு விரலில் ஒட்டியது. அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை; வெஜ்தியின் திரையில் தன் பெயர் இருப்பதை அதற்குள் அவனும் பார்த்திருந்தான்.

அடுத்த வாரம் அவள் மாடியேறி வந்தாள்.

“சஃபெத் பே, அவர் ஒரு விளையாட்டு குடுத்தாராமே. அதோட மொத திரையில எனக்கு ஏதோ எழுதியிருந்தாராம். துறையில கூட வேலை பாக்கறவர் சொன்னார். அதை ஒரு தடவை பாக்கணும்.”

“வீட்டுல அவரோட கேசட் இருக்குமே, நெபாஹத் ஹனும்?”

“அந்த மெஷினையே பாக்கப் பிடிக்கல. பெட்டியோட கொழுந்தனார் பசங்களுக்குக் குடுத்துட்டேன். கேட்டா, எல்லாத்துலயும் புது விளையாட்டு பதிஞ்சாச்சுங்கறாங்க. இங்கதான் பதிஞ்சாங்களாம்.”

சஃபெத்தின் முகம் செத்துவிட்டது. இரண்டு பையன்கள், ஒரு பெட்டி கேசட், ஓட்டைகளில் ஒட்டுநாடா. அவற்றில் அவன் பதிந்து கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“தேடி எடுத்து வைக்கிறேன். வியாழக்கிழமை வாங்க,” என்றான்.

அவள் படியிறங்கியதும் நான் அவன் கடைக்குள் போனேன்.

“எங்கேடா தேடுவ? ரெண்டையும் அழிச்சவன் நீதானே?”

“தெரியும் அப்லா. சும்மா இரு.” அக்கா என்றுதான் எப்போதும் கூப்பிடுவான்.

இருந்தாலும் தேடினான். மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு போர்னோவா, புஜா, கர்ஷியாக்கா என்று நகல் எடுப்பவன் ஒவ்வொருவனிடமும் போனான். எல்லோரிடமும் அந்தப் படகு இருந்தது. சிலவற்றில் இவன் பெயர், சிலவற்றில் இவன் பெயரையும் அழித்துவிட்டு வேறொருவன் பெயர். வெஜ்தியின் வரி ஒன்றிலும் இல்லை. ஊர் முழுக்கப் பரவியதெல்லாம் இவன் கையில் பிறந்த நகல்கள்.

புதன்கிழமை என் கடையில் வந்து உட்கார்ந்தான்.

“நானே ஒரு வரி எழுதிடலாம்னு பாக்கறேன். அவங்க மனசு ஆறும்ல?”

தப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. “எழுதறதுன்னா நல்லா எழுதேன்,” என்றேன். அந்த வாசகத்தைக் கொடுத்தவளே நான்தான். ‘என் வாழ்வின் ரோஜாவே, நெபாஹத், இது உனக்காக.’ எனக்குக் கண்ணே கலங்கியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

வியாழக்கிழமை வந்தாள். நல்ல கோட் போட்டிருந்தாள். விளையாட்டு கேசட்டிலிருந்து ஏறச் சில நிமிஷம் ஆகும். அதுவரை டிவியில் கோடுகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். வரி வந்தது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“இது அவர் எழுதினதில்ல.”

சஃபெத் மேசைமேல் கிடந்த கேசட்களை அடுக்கினான்.

“பதினெட்டு வருஷமா என்னை ‘பாரேன்’னுதான் கூப்பிடுவார். என் பேரோட மொத எழுத்துல நாக்கு சிக்கிக்கும் அவருக்கு. அதை விடுங்க, ரோஜாவாம். ரோஜா வாசனையே அவருக்கு ஆகாது, தும்முவார்.”

“அது நான் சொன்னது,” என்றேன். இந்தத் தடவையாவது வாயைத் திறந்தேன்.

பிறகு சஃபெத் எல்லாவற்றையும் சொன்னான். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததை, ஆகஸ்டில் அழித்ததை, பையன்களின் பெட்டியை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?”

“இல்ல.”

“ஒரு வார்த்தை கூடவா?”

“நாங்க படிக்கறதே இல்ல, ஹனும். இடத்தைத்தான் பாப்போம்.”

கைப்பையை மடியில் வைத்துத் திறந்து மூடினாள்.

“நானும் படிக்கல. மூணு நாள் கூப்பிட்டார், வந்து மொத திரைய மட்டும் பாருன்னு. நான் பச்ச ஆலிவ் நசுக்கிட்டிருந்தேன். கை ஈரமா இருக்கு, அப்புறம் பாக்கறேன்னேன். மூணு நாளும் அதையேதான் சொன்னேன்.”

அழுதாள். நானும் அழுதேன். சஃபெத் எழுந்து டிவியின் பக்கம் திரும்பி நின்றான்.

கொஞ்சம் கழித்து அவள் கேட்டாள்: “அவர் எழுதினது சின்னதா இருந்துச்சா, பெருசா? அதுவாவது தெரியுமா?”

அவன் திரும்பினான். அவசரமாகப் பழைய நகல் ஒன்றை எடுத்துப் போட்டான். மறுபடி அத்தனை நிமிஷம் காத்திருந்தோம். அவன் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் வரிசையாக நட்சத்திரக் குறிகள். எல்லா விளையாட்டிலும் இருக்கும், அழகுக்குப் போடுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“பழைய வரி எவ்வளவு நீளமோ அவ்வளவையும் மூடியாகணும், ஹனும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் பேரு போக மிச்ச இடத்துல எல்லாம் நட்சத்திரம் போடுவேன். அவர் எழுதினது இங்க ஆரம்பிச்சு, இதோ, இங்க முடியுது.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கண்ணாடித் திரைமேல் விரலை வைத்தாள். துருக்கி எழுத்தில் அவன் பெயர், நடுவில் விட்ட இடமும் சேர்த்துப் பதினாறு. நட்சத்திரம் இருபத்தொன்று. நடுவில் தவறிவிட்டது, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

“முப்பத்தேழு,” என்றாள். “நடுவுல விட்ட இடமெல்லாம் சேத்து முப்பத்தேழு.”

“ஆமா.”

“நாள் முழுக்க வீட்டுல இருந்தாலும் அவ்வளவு பேசமாட்டார்.”

அவள் முகத்தில் அப்போது வந்தது சிரிப்புதான். நான் தப்பாகப் பார்க்கவில்லை.

அவன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். முப்பத்தேழும் நட்சத்திரமாகவே இருக்கட்டும் என்றாள். அவள் கண்முன்னாலேயே செய்து, கேசட்டில் பதிந்து கொடுத்தான். வீட்டில் மெஷின் இல்லையே என்று நான் கேட்டதற்கு, “இருக்கட்டும்,” என்று பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சஃபெத் அதற்கப்புறம் எந்த விளையாட்டிலும் தன் பெயரைப் போடவில்லை. வாடிக்கை பாதியாகக் குறைந்தது. பைத்தியக்காரா, வாடகையை யார் கொடுப்பது என்று திட்டினேன். ஜெர்மனியிலிருந்து வரும் கேசட்களில் முதல் திரையின் அடியில் எழுத்துகள் வரிசையாக நகர்ந்துபோகும். நண்பர்களுக்கு வணக்கம், எதிரிகளுக்கு வசவு, என்னென்னவோ. படிக்கட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள். அந்த மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாதவன், கடைசி எழுத்து நகர்ந்து மறையும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டான்.