சூரியனுக்கு என்று சொல்லி ஒரு சொம்பு

போன வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, எங்கள் பனசங்கரி வீட்டு மொட்டை மாடியில், கையும் சொம்புமாகப் பிடிபட்டேன்.

பிடித்தவர் ஹவுஸ் ஓனர் ஸ்ரீகண்டையா. கீழ் போர்ஷனில் இருக்கிறார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். தங்கமான மனிதர்தான் — ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்க, சமைக்க வீட்டுக்கு நாலு குடம். மற்றதற்கெல்லாம் போர்வெல். குடிவந்த அன்றே, வகுப்பு எடுப்பது போல நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

எனக்கோ தக்காளி ஆசை. காலி பெயின்ட் வாளிகள் மூன்றில் நாட்டுத் தக்காளி வைத்தேன். போர்வெல் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மண்மேல் உப்புப் பூத்தது. இலை ஓரமெல்லாம் கருகியது. பூ வந்த வேகத்தில் உதிர்ந்தது. சரி, அரிசி களைந்த தண்ணீரையாவது ஊற்றலாம் என்றால்...

"அது என் கறிவேப்பிலைக்கு. கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றாள் மனைவி.

வேறு வழி? ஒருநாள் காலை குளித்துவிட்டு, எங்கள் குடத்திலிருந்து ஒரு சொம்பு காவிரியை முகந்துகொண்டு பூனை மாதிரி மாடிப்படி ஏறினேன். எதிரே ஓனர்! சொம்பைப் பார்த்தார். என் ஈரத்தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அர்க்கியமா சார்? சூரியனுக்கா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் வாயில் வந்தது, "ஆமா சார்." கல்யாணத்தன்றைக்குப் பிறகு நான் சந்தியாவந்தனமே செய்ததில்லை.

"தேவருக்குப் போர்வெல் தண்ணி பேடா சார். சாமிக்கு நல்ல தண்ணிதான் விடணும். உங்களுக்கு டெய்லி ஒரு சொம்பு எக்ஸ்ட்ரா!"

காவிரி விஷயத்தில் ஒரு தமிழருக்கும் ஒரு கன்னடக்காரருக்கும் இத்தனை சுமுகமாக உடன்பாடு ஏற்பட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

இரண்டு மாதத்தில் செடி தளதளவென்று ஆனது. காய் பிடித்தது. கூடவே என் பெருமையும் தெருவில் பரவியது. "மேல் வீட்டு சாரைப் பாரு, ஒருநாள் தப்பறதில்லே" என்று தன் மகனிடம் ஓனர் சொல்வது படிக்கட்டு வரை கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசும். உண்மை தெரிந்தால் சொம்பு போகும், மரியாதை போகும், ஒருவேளை வீடும்... முதல் பழம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வியாழக்கிழமை முதல் பழம் சிவந்திருந்தது. வாளியில் ஊற்றிக்கொண்டே அதை ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"சார்... சூரியன் அந்தக் கடே இருக்கார்."

வாளிகள் இருப்பது மேற்குச் சுவரோரம். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். திரும்பினால், ஓனர் கையிலும் ஒரு சொம்பு! என்னைப் பார்த்து அவரும் அர்க்கியம் விட ஆரம்பிக்கலாம் என்று வந்திருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க சார். முதல் நாள்லேர்ந்தே தக்காளிக்குத்தான்..."

அவர் தன் சொம்பைக் கீழே வைத்தார். செடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"நானும் ரெண்டு தடவை வெச்சேன் சார்" என்றார் மெதுவாக. "போர்வெல் தண்ணியிலே வரவே இல்லா. ரூல் போட்டவன் நானே... எப்படி மீறறது?"

பழத்தைப் பறித்து அவர் கையில் வைத்தேன். மத்தியானம் கீழ் வீட்டிலிருந்து சாறு வந்தது — நம்ம ரசம்தான். ஒரே பழம் என்பதால் ஆளுக்கு அரை டம்ளர். அப்படி ஒரு ருசி!

சட்டத்தை மீற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, போட்டவருக்கே இருக்கிறது. முதலில் மாட்டிக்கொள்ளத்தான் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

மேற்குச் சுவரோரம் இப்போது ஆறு வாளிகள். தினமும் காலை ஆறரைக்கு ஆளுக்கொரு சொம்போடு மாடியில் இரண்டு பக்தர்கள்... இருவர் முதுகும் சூரியனுக்கு!