பதினேழா, பதினெட்டா?

தொண்ணூறுகளின் நடுவில், என் மகள் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு செம்மண் மைதானத்தில் நடந்தது இது. இப்போது அந்தப் பக்கம் போனால் மைதானம் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அன்று அங்கே யூகலிப்டஸ் மரங்களும் புழுதியும்தான்.

என் கணவருக்குக் கார் பந்தயப் பைத்தியம். திங்கள் முதல் சனி வரை தொழிற்சாலையில் சாதுவாக வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஆளே மாறிவிடுவார். பெரிய பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டோகிராஸ் என்பார்கள். மண் தரையில் டிரம்களையும் பழைய டயர்களையும் அடுக்கி வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரே கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவரே ஜெயித்தவர். அவரவர் வீட்டுக் காரையே கொண்டுவரலாம்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சின்ன வெள்ளைக் கார்தான் எங்கள் பந்தயக் கார். திங்கட்கிழமை மகளைப் பள்ளியில் விடுவதும் அதுவேதான். மைதானத்துக்குப் போனதும் பின்சீட்டைக் கழற்றி மரத்தடியில் போடுவோம், கனம் குறையட்டும் என்று. நானும் மகளும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபடி வேடிக்கை பார்ப்போம்.

அப்படி வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் அவரே ஓட்டச் சொன்னார். பெண்கள் பிரிவில் ஆள் போதவில்லையாம். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்று விதி இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியும், ஆனால் காய்கறி வாங்கப் போகும் அளவுக்குத்தான். "சும்மா ஒரு ரவுண்டு வா, ஒண்ணும் ஆகாது" என்றார். போனேன், பிடித்துவிட்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் நாங்கள் இருவருமே போட்டியாளர்கள் ஆனோம்.

ஒரே கார், இரண்டு பேர் என்றால் இரண்டு எண். அவருக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. டிரைவர் பக்கக் கதவில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருக்கும். அதில் '1' எப்போதும் இருக்கும். கறுப்புத் தாளில் வெட்டிய '7'ஐயும் '8'ஐயும் மாற்றி மாற்றி செல்லோடேப்பால் ஒட்டுவது மகளின் வேலை. அது அவளுடைய பதவி. வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள். அந்த இரண்டு தாள்களையும் ஒரு பழைய நோட்டுக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு வருவாள்.

அந்த ஞாயிறன்று முதலில் அவர் ஓட்டினார். அப்பப்பா! ஒவ்வொரு டிரம்மிலும் காரின் பின்பக்கம் வெட்டித் திரும்பியது, புழுதி கோபுரமாக எழுந்தது, சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

கொஞ்ச நேரம் கழித்து என் முறை. முறை என்றுகூடச் சொல்ல முடியாது. யார் காரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாரோ அவர் ஓட்டுவார். மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் கதவில் இருக்கும் எண்ணைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்வார்கள். பெயர் கிடையாது, ஆள் கிடையாது. ஹெல்மெட் போட்டுவிட்டால் எல்லோரும் ஒன்றுதானே.

எனக்கு அன்று பாதையே குழப்பமாக இருந்தது. ஓட்டுவதற்கு முன் பாதையை நடந்து பார்த்தபோதே மூன்றாவது டிரம்முக்கு இடமா வலமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். அதனால் பயந்துகொண்டேதான் ஓட்டினேன். வழுக்கவிடாமல், இரண்டாவது கியரிலேயே, ஒவ்வொரு திருப்பத்தையும் ஒட்டினாற்போல் திரும்பினேன். விசில் இல்லை, புழுதியும் அதிகம் இல்லை. முடித்துவிட்டு, இன்றைக்கும் சொதப்பல்தான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்த என் கணவர் அதைப் பார்த்தார், ஒருமுறை உதறினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வாட்ச் சரியில்ல" என்றார். நான் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மதியத்துக்குப் பிறகு பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். மகள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். "அம்மா ஃபர்ஸ்ட்! அம்மா ஃபர்ஸ்ட்!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடி வந்தாள்.

போய்ப் பார்த்தேன். பதினெட்டாம் எண், ஒரு நிமிஷம் இருபத்திரண்டு விநாடி. பெண்கள் பிரிவில் அதற்கு அடுத்தவர் இருபத்தேழு. பதினேழாம் எண், என் கணவர், ஒரு நிமிஷம் இருபத்தொன்பது. அவருடைய பிரிவில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தார்.

சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. என் கணவரைவிட நான் ஏழு விநாடி வேகமா? காய்கறி வாங்கப் போவதுபோல் ஓட்டியவள் நான். விசில் வாங்கியவர் அவர். எங்கேயோ இடிக்கிறதே! அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற விதமும் மனதைப் பிசைந்தது. மூன்று வருடமாக ஒரு கோப்பைக்காக அலைகிறார் மனிதர். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னங்க, நம்பர் மாறிப்போச்சு போலிருக்கு" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவர் சொல்லவில்லை. உண்மை என்று நம்பிச் சொன்னேனா, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "காலைல எனக்கு எட்டை ஒட்டிட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. உங்களுக்கு ஏழு, அம்மாவுக்கு எட்டு. சரியாத்தான் ஒட்டினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன் நான்.

"எட்டு கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சும்மா. குறுக்கே இன்னொரு டேப் போட்டேன். நீகூட சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னியே!"

சொன்னேனா? எனக்கு ஞாபகம் இல்லை. கதவைத் திறந்துதானே ஏறினோம், எண்ணைப் பார்த்தோமா என்றால் இருவருக்குமே ஞாபகம் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமே நினைவில்லாதபோது, எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்த குழந்தை பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினோம். கொஞ்சம் அதட்டினேன். கொஞ்சம் இல்லை, நன்றாகவே அதட்டினேன். "தப்பு பண்ணினா ஒத்துக்கணும், சாதிக்கக் கூடாது" என்றேன். அவள் உதடு துடித்தது. நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மேஜைக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். சிரித்துவிட்டார். "ஆகுத்தே மேடம், இதெல்லாம் நடக்கிறதுதான். சின்னப் பொண்ணுதானே" என்று சொல்லி, பேனாவை எடுத்து இரண்டு நேரங்களையும் அடித்து மாற்றி எழுதினார். நான் மூன்றாவது இடத்துக்குப் போனேன். பெண்கள் பிரிவில் ஒரே கோப்பைதான். அது அடுத்த பெண்மணிக்குப் போயிற்று. இருபத்திரண்டு விநாடியோடு என் கணவர், முதல் மூன்று பேருக்கும் கோப்பை உள்ள அவர் பிரிவில், மூன்றாவது இடத்துக்கு ஏறினார். அந்த இடத்தில் இருந்தவர் ஏற்கெனவே வீட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். எல்லோரும் எங்கள் நேர்மையைப் பாராட்டினார்கள். என் கணவர் கோப்பை வாங்கும்போது நான் கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பும்போது மகள் பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நோட்டு அவள் மடியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு எண் ஒட்டச் சொன்னபோது, "நான் மாட்டேன், நீங்களே ஒட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். கோபம் போலும், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, "சரியா எழுதியிருக்கேனா பாரும்மா" என்று கொண்டுவந்து நீட்டுவாள். பார்த்துச் சரி என்பேன். இன்னொரு தடவை பார்க்கச் சொல்வாள். ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, கதவைப் பூட்டிய பிறகு, "நான் ஃபேனை நிறுத்தினேனாம்மா?" என்று கேட்டாள். நிறுத்தினாய் என்றேன். "எனக்குத் தெரியல, நீ பாத்துட்டு வா" என்றாள். கதவைத் திறந்து பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தாள். தான் கண்ணால் பார்த்ததையே நம்பாத ஒரு குழந்தை எப்படித் திடீரென்று எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. புரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில், எங்களைப்போல் ஞாயிறுதோறும் வருகிற ஒருவர் ஒரு கவரைக் கொடுத்தார். அவருக்குப் புகைப்படம் எடுப்பதில் ஆசை. கோப்பை வாங்கிய அன்றைய படங்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். கார் பானெட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது படமோ ஐந்தாவதோ. எங்கள் கார் புறப்படும் கோட்டில் நிற்கிறது. கண்ணாடி இறக்கியிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் யார் என்று தெரியவில்லை. ஆனால் ஜன்னலில் வைத்திருந்த கை தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். பந்தயத்துக்கு முன் கழற்றிவிடு என்று அவர் சொல்லிச் சொல்லி நான் மறந்துபோகிற அதே வளையல்கள். அந்தக் கைக்கு நேர் கீழே, வெள்ளை வட்டத்தில், பதினெட்டு. எட்டின் குறுக்கே ஒரு டேப் பளபளத்தது.

 படத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்து மகளும் பார்த்தாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று கேட்பாள், அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது இதுதான்:

"அப்போ நெஜமாவே நீதான் ஃபர்ஸ்ட்டாம்மா?"

அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன், சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி. அவளை அதட்டியதும் அவர்கள் காதில் விழும்படிதானே. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எனக்கும்தான்.

மேஜைக்காரரிடம் போனோம். முடிவுகள் உறுதியாகி மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி மாற்ற வழியில்லை என்றார். என் கணவர் அத்தோடு விடவில்லை. அன்று நிஜமாக மூன்றாவதாக வந்திருந்தவரைத் தேடிப்பிடித்து, வீட்டு ஷோகேஸிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பெண்கள் கோப்பை அந்தப் பெண்மணியிடமே இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். தவறு எங்களுடையது. அவரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது?

கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்த மாலை அவரிடம் கேட்டேன், அன்று ஸ்டாப்வாட்சில் என்ன நேரம் இருந்தது என்று. காபி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"இருபத்திரண்டு" என்றார். "நான்தான் தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

நம்பினேன். வழுக்கித் திரும்பினால் விசில் கிடைக்கும், ஆனால் நேரம் போய்விடும் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கோபமும் வந்தது. பலகை முன்னால் நின்றபோது அவருக்கு அந்த இருபத்திரண்டு ஞாபகம் வரவே இல்லையா? ஆனால் எந்த உரிமையில் கோபப்படுவது? எண் மாறிப்போயிருக்கும் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான். பலகை சொன்னது, கடிகாரம் சொன்னது, குழந்தை சொன்னது. மூன்றையும் ஒதுக்கிவிட்டு, என்னால் முடியாது என்று என் மனம் சொன்னதை மட்டும் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவள் என் மகள்.

மறுநாள் காலையில் ஷோகேஸைத் துடைக்கப் போனேன். கோப்பை இருந்த இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம், கறுப்புத் தாளில் வெட்டிய அந்த '8' ஒட்டியிருந்தது. குறுக்கே டேப். யார் ஒட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளே புதிதாக ஓர் எட்டை வெட்டிக் கொண்டுவந்து, கதவில் ஒட்டி, "எட்டு. பாத்துக்கோ" என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் என்னைக் காரில் ஏறவிட்டாள்.

பந்தயமெல்லாம் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. மகள் இப்போது தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அலுவலகம் போகிறாள். அந்தத் தாள் நிறம் வெளுத்து இன்னும் அதே கண்ணாடியில் இருக்கிறது. அவள் ஏதாவது சொல்லி, அப்படி இருக்க முடியாதே என்று என் நாக்கு நுனிவரை வரும் ஒவ்வொரு முறையும், அந்த எட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.