படத்தின் வலது ஓரம்

“மாப்ள, தேதி சொல்லிட்டாங்க. மேட்டூருக்கும் சொல்லிட்டாங்க, நம்ம படத்துக்கும் சொல்லிட்டாங்க. ரெண்டும் ஜூன்லதான். வந்துரு.”

வைகாசி விசாகத்துக்கு மறுநாள் காலையில் அத்தான் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. அதற்குப் பிறகு கைப்பேசியை மாற்றிவிட்டேன். பழையதிலிருந்து புதியதற்கு எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று கடைப் பையன் கேட்டபோது, முதலில் இந்தச் செய்தி வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன். இதில் சொல்லப்பட்ட இரண்டில் ஒன்றுதான் அந்த ஜூனில் நடந்தது. அணையைத் திறந்தார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தலைமடை என்பதால் சீக்கிரமே தண்ணீர் வந்து சேர்ந்தது. படம் வரவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். காவிரிக் கரையில் சொந்த நிலம், அதையொட்டிக் கொஞ்சம் குத்தகை நிலம். இளவயதில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை செய்தார். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாங்காமல் ஏசி இருக்கிறதே என்று ஒரு நூலகத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஓர் அரங்கில் பழைய ஜப்பானியப் படம் ஓடிக்கொண்டிருந்ததாம். இலவசம். “உக்காந்தா தூங்கிரலாம்னுதான் போனேன் மாப்ள. பாத்தா நடவு நடுறானுங்க! நம்ம ஊரு சேறு, நம்ம ஊரு வரப்பு, நம்மாளுங்க மாதிரியே குனியிறானுங்க. எனக்குத் தூக்கம் போயிருச்சு.” ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், இவர் ஒரு அட்டைப்பெட்டி நிறைய விசிடி கொண்டுவந்தார் என்பது அக்கா எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விடாத குறை. சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தஞ்சாவூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்விடுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு இருவரும் படம் பார்ப்போம். அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் ஒன்றை மட்டும் அத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. “நம்ம படம்” என்பார். கறுப்பு வெள்ளையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. கடைசிக் காட்சியில் மகன் நகரத்துக்குப் போகிறான். தண்ணீர் கட்டி நிறுத்திய வயல்களுக்கு நடுவே, மண்வெட்டியைப் பிடித்தபடி அப்பா நிற்கிறார். மகன் வரப்பின் மேல் வலது பக்கமாக நடந்துபோகிறான். அகலத்திரைக்கு எடுத்த படத்தை அந்தக் காலத்து டிவிக்குப் பொருந்தும்படி இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். அதனால் மகன் கொஞ்ச தூரம் நடந்ததும் படத்தின் ஓரத்தில் மறைந்துவிடுவான். காட்சி மட்டும் முடியாது. அப்பா நின்றுகொண்டே இருப்பார், தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும். “போயிட்டான்னா ஏன் இவ்வளவு நேரம் காட்டுறான்? அவன் அங்க ஓரத்துல இருக்கான் மாப்ள. திரும்பிப் பாக்குறான். அதைத்தான் வெட்டிப்புட்டானுங்க” என்று அத்தான் அடித்துச் சொல்வார். பார்க்க மாட்டான் என்பது என் கட்சி.

இது படத்தைப் பற்றிய வாதமாக மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, மொழி படித்து, ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கியபோது அது மாறியது. சிறு வயதிலிருந்து அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்த நாட்டைப் பார்த்து வளர்ந்தவன், வேறு எங்கே போவான்? ஆனால் அத்தான் கூடாது என்றார். வெளிநாட்டில் தான் தொலைத்த வருஷங்களை மகனும் தொலைக்கக் கூடாது என்பது அவர் நியாயம். “படத்துல பாத்தா இனிக்குது, புள்ள போனா கசக்குதோ?” என்று அக்கா கேட்டாள். பேச்சு முற்றி, கடைசியில் பேச்சே நின்றுபோனது.

அவன் கிளம்பியது ஒரு ஆடி மாதக் காலை. நான் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். அக்கா வாசலோடு நின்றுவிட்டாள். வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குப் போக வயல் வழியாகத்தான் போக வேண்டும். அத்தான் விடிந்ததுமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். மகன் பெட்டியோடு அந்த வழியாக வந்தபோது அவர் குனிந்து மடை கட்டிக்கொண்டிருந்தார் என்றும், நிமிரவில்லை என்றும் அவன் என்னிடம் பேருந்து நிலையத்தில் சொன்னான். மேற்கொண்டு அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மகன் கூப்பிட்டால் அக்கா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைப்பாள். அத்தான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “சாப்பிட்டானான்னு கேளு” என்பார் அக்காவிடம். அக்கா கேட்பதற்கு முன்பே, “சாப்பிட்டேன்னு சொல்லும்மா” என்று அங்கிருந்து பதில் வரும். “குளிரு எப்படியாம்?” “இப்ப பரவால்லன்னு சொல்லும்மா.” ஒருமுறை பொறுக்க மாட்டாமல் அக்கா, “நடுவுல நான் எதுக்கு? தபால்காரியா?” என்று எழுந்து போய்விட்டாள். பிறகு அந்தக் கூடத்தில் கைப்பேசி மட்டும் பேசாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும்.

பழைய படங்களுக்காக எங்களுக்கு ஒரு சிறிய வாட்ஸ்அப் குழு இருந்தது. கும்பகோணம், குடவாசல், சுவாமிமலை என்று டெல்டாவில் சிதறிக்கிடந்தவர்கள். எந்தப் படம் எப்போது புளூ-ரேயாக வருகிறது, எந்தப் பதிப்பில் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது என்பதே பேச்சு. ஊரே புதுப்பட டீசருக்குக் காத்திருந்தபோது நாங்கள் நடித்தவர்களும் எடுத்தவர்களும் இறந்துபோன படங்களுக்குக் காத்திருந்தோம். எந்த அறிவிப்பும் எங்களுக்குத் தாமதமாகவே வந்து சேரும். “தண்ணிக்கு நான் தலைமடை, படத்துக்குக் கடைமடை” என்று அத்தான் எழுதியது அந்தக் குழுவில் வெகுநாள் ஓடிய வேடிக்கை. அப்படி இருக்கும்போதுதான் “நம்ம படம்” சீரமைக்கப்பட்டு, வெட்டப்படாத முழு அகலத்தில் வெளிவருகிறது என்ற செய்தி வந்தது.

அன்று அத்தான் என்னிடம் ஒன்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “அந்தப் பய மட்டும் திரும்பிப் பாத்திருந்தான்னு வை, நானே போன் பண்ணிப் பேசிர்றேன் மாப்ள.”

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “ஏங்க, அவன் திரும்பிப் பாத்தாத்தான் நம்ம புள்ளகிட்ட பேசுவீங்களா? அவனுக்கு நம்ம வீட்டுச் சமாச்சாரம் தெரியுமா?”

“நீ சும்மா இரு. படம் வரட்டும்.”

நான் அக்கா மகனுக்குத் தகவல் சொன்னேன். பந்தயத்தைச் சொல்லவில்லை, படத்தை மட்டும் சொன்னேன். “இங்க கடையிலயே பேர் குடுத்து வச்சிட்டேன் மாமா. அப்பாகிட்ட சொல்லாதீங்க, நான் வாங்குறேன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க” என்றான். நான் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்துபோயிருந்தது. இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். டெல்டாக்காரர்கள் ஆஸ்பத்திரித் தேதியையும் தண்ணீரை வைத்துத்தான் குறிப்பார்கள். தண்ணி வரட்டும் என்றார். வந்தது. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று ஒன்றின் பின் ஒன்றாக நாள் போயிற்று. இடையில் படத்தின் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கடைசிப் பகுதியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறதாம், ஐப்பசி வாக்கில்தான் வருமாம். “நல்லதாப் போச்சு. குறுவை அறுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து படுத்துக்கிட்டே பாக்கலாம்” என்றார். அவர் கணக்கில் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றது.

புரட்டாசியில், அறுப்பு இயந்திரம் வயலில் இறங்கிய அன்று பிற்பகல், களத்திலேயே சாய்ந்துவிட்டார். தஞ்சாவூர் கொண்டுவரும் வழியில் உயிர் போய்விட்டது.

மகன் மறுநாள் வந்து கொள்ளி வைத்தான். காவிரிக் கரையில் தலையை மழித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கருமாதி முடிந்ததும் திரும்பிப் போனான். படம் சொன்னபடி ஐப்பசியில் வெளியானது. குழுவில் எல்லாரும் அதைப் பற்றி எழுதினார்கள். நான் எதையும் படிக்கவில்லை.

தை மாதம் அவன் மறுபடி வந்தான். துக்க வருஷம், வீட்டில் பொங்கல் இல்லை. பெட்டியிலிருந்து அந்த டிஸ்க்கையும், அதை ஓட்டுவதற்கு ஒரு சிறிய பிளேயரையும் எடுத்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல்களைச் சாத்தினோம். அத்தானின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அக்கா கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அவள் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

படம் கண்ணாடி போல இருந்தது. நாங்கள் மழை என்று நினைத்திருந்தது பழைய பிரதியின் கீறல்கள் என்பது தெரிந்தது. கடைசிக் காட்சி வந்தது. அப்பா நின்றார், மகன் நடந்தான். எங்கள் படத்தில் அவன் மறையும் இடத்தைத் தாண்டியும் நடந்தான். அத்தான் சொன்னது சரி: ஓரத்தில் அவன் இருந்தான். வரப்பு முடியும் இடத்தில் நின்றான். தோள் லேசாக அசைந்தது போலிருந்தது. அதற்குள் திரை இருண்டுவிட்டது.

மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே இடத்தில் இருண்டது. டிஸ்க்கோடு வந்த சிறு புத்தகத்தை மகன் எடுத்துப் படித்தான். படச்சுருளின் கடைசிச் சில அடிகள் பழுதாகிவிட்டன, மீட்க முடியவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னான்.

நான் அப்போதுதான் பந்தயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. அவன் புத்தகத்தை மூடிவைத்தான். “நான் திரும்பிப் பாத்தேன் மாமா. ரோட்டுல ஏறினதும் நின்னு பாத்தேன். அப்பா குனிஞ்சே இருந்தாங்க. மடை வேலை, விட்டுட்டு வர முடியாதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அக்கா எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அன்னிக்கு நம்ம முறையே இல்லடா.”

எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். முறை இல்லாத நாளில் ஒருவர் தன் மடையில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. அது முதல் நாளே அடைத்துக் கிடக்கும். “தண்ணி முந்தின நாளே மேலக்காரங்களுக்குப் போயிருச்சு. ஒண்ணுமில்லாத எடத்துல போய்க் குனிஞ்சு நின்னாங்க” என்றாள் அக்கா. மகன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் எதையும் சரிபார்த்துக் குறித்து வைக்கிற பழக்கமுள்ளவன். மேலைவயல்காரரிடம் விசாரித்தேன். அந்த வாரம் தண்ணீர் தங்களுடையதுதான் என்று அவரும் சொன்னார். எனவே அது உறுதி. கடைசி அடிகள் கெடாத இன்னொரு பிரதி எங்கோ இருப்பதாகவும், இன்னொரு பதிப்பு வரக்கூடும் என்றும் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது வெறும் கேள்விப்பட்ட சேதிதான். “வந்துரு” என்று முடியும் அந்தச் செய்தி இப்போதும் என் கைப்பேசியில் இருக்கிறது. எதிரே வெறும் நாற்காலியை வைத்துக்கொண்டு, அக்கா இன்னமும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் மகனிடம் பேசுகிறாள். தார்ச்சாலையில் மகன் திரும்பி நின்றபோது, குனிந்திருந்த அத்தான் அதை அறிந்தாரா என்பது மட்டும் தெரியவில்லை. பார்த்தவர் எவருமில்லை. உறுதி செய்யப்படவில்லை என்றே எழுதிவைக்கிறேன்.