இல்லாத பிரேக்கை மிதித்தவள்

என் அக்கா ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாக அதிகாரி. தரும் அலுவலகம் என்று போர்டுதான் சொல்கிறது. அக்கா தந்ததைவிடத் தராததுதான் அதிகம். ஊரில் அவளுக்கு ‘ஃபெயில் மேடம்’ என்று பெயர். கடைத்தெருவில் அவள் தலையைக் கண்டால் சைக்கிள்காரர்கள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

தேர்வு வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் சரி, டிவியில் கார் துரத்தல் ஓடினாலும் சரி, அவள் வலது கால் தரையை அழுத்தும். யார் ஓட்டும் வண்டியிலும் அவள் கண்ணை மூடியதில்லை. ஒரு தடவை என் வண்டியில் வந்தாள். இறங்கும்போது, “உனக்கு லைசென்ஸ் கொடுத்த புண்ணியவான் யாருடா?” என்று கேட்டாள். அதோடு அவளை ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

இப்பேர்ப்பட்டவளைக் கட்டிக்கொண்ட மாமா ஒரு தையல்காரர். முப்பது வருஷம் மிஷின் மிதித்த கால் அவருடையது. ஐம்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, அந்தக் கால் ஆக்சிலேட்டரையும் மிதித்து மிதித்துத்தான் விட்டது. வண்டி சாலைக்குத் தையல் போட்டுக்கொண்டே போகும். சொந்தக் கணவரை அக்கா சோதிக்கக் கூடாது என்பது சட்டம். அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர் சோதித்தார். அவளுக்குப் பயந்தே அந்த மனிதர் நாலு தடவை ஃபெயில் போட்டார். ஐந்தாவது தடவை மாமா பக்கத்து ஊருக்குப் போய்ப் பாஸ் ஆனார். அந்த மதிப்பெண் தாளை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

எதற்கு இந்த வயதில் இவ்வளவு பாடு? அக்காவின் மேஜைக்குப் பின்னால் பழைய காலண்டர் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. வடக்குக் கரையோரம் நிற்கிற கலங்கரை விளக்கம். ‘ஒரு நாள் போகணும்’ என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறாள். மாமா என்னிடம் மட்டும் மனதைத் திறந்தார்: “நான் ஓட்டி அவளை அங்க கூட்டிட்டுப் போகணும் மச்சான். ‘நல்லா ஓட்டுறீங்க’ன்னு அவ வாயால ஒரு வார்த்தை வரணும். அது போதும் எனக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சுற்றுலா சீசன் முடிந்த பிறகுதான் கிளம்பலாம் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். “ரோட்டுல ஜனம் இருக்காது. இடிச்சாலும் நம்ம ரெண்டு பேரோட போகும்.”

அப்படியே கிளம்பினார்கள். தினமும் சாயங்காலம் வழியிலிருந்து மாமா எனக்கு போன் செய்வார். முதல் நாள் எல்லா ஹோட்டலும் பூட்டிக் கிடந்ததாம். படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்களாம். கடைசியாக ஒரு லாட்ஜில் மேனேஜர் ஸ்வெட்டரோடு வந்து கதவைத் திறந்து, “இந்த நேரத்துல யார் சார் வருவா?” என்று கேட்டிருக்கிறார். “என் சம்சாரம் நான் வண்டி ஓட்ட வேற நேரத்துல அனுமதி தரல சார்” என்றாராம் மாமா.

இரண்டாம் நாள்தான் கூத்து. ஒரு வளைவில் அக்கா, “வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள். அவள் அலுவலகத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஃபெயில், இறங்கு. நாலு தடவை அதைக் கேட்டு நொந்தவர் மாமா. பேசாமல் நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், சாவியை அவள் மடியில் வைத்தார், இறங்கித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“எங்கங்க போறீங்க? ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, குடிக்கலாம்னுதான் நிறுத்தச் சொன்னேன்!” என்று அவள் கத்தியது காற்றில் அவருக்குக் கேட்கவேயில்லை. கால் கிலோமீட்டர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

மூன்றாம் நாள் மாமாவுக்கே பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து அவள் கால் வண்டித் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. “இண்டிகேட்டர். கண்ணாடி. கியர்” என்று வாயும் ஓயவில்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் முதல் தடவையாக மாமா குரலை உயர்த்தினார்.

“மூணு நாளா கடற்கரையோட வர்றோம். கடல் என்ன நிறத்துல இருக்கு, சொல்லு பார்க்கலாம்!”

அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் கடல் அவ்வளவு தூரமும் வந்திருக்கிறது. ரோட்டையும் அவர் காலையும் தவிர அவள் எதையுமே பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டில் மடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “சாம்பல் நிறம்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மாமா மெதுவாக எட்டிப் பார்த்தார். தூங்கிவிட்டாள்.

மாமாவின் கால் மிஷினை மறந்து, ஆக்சிலேட்டர் மேல் ஒரே அழுத்தமாக நின்றது. கலங்கரை விளக்கம் வந்தது. படத்தில் இருந்த அதே விளக்கம். நிறுத்தினால் முழித்துக்கொள்வாள். மாமா நிறுத்தவில்லை.

நாற்பது கிலோமீட்டர் தாண்டி அக்கா கண் விழித்தாள். “கலங்கரை விளக்கம் எங்கங்க?”

“போயிடுச்சும்மா. நிறுத்தினா முழிச்சுப்பியேன்னு...”

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு, “வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள்.

மாமா நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியை நீட்டினார். அக்கா அதை வாங்கித் திரும்ப அவர் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள். இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். எந்தக் காலும் எந்தப் பிரேக்கையும் எட்டாத இடம் அது.

“திருப்புங்க. வந்ததும் எழுப்புங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் மாமா போன் செய்தபோது முதல் கேள்வியாகக் கலங்கரை விளக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன். திரும்பி வரும்போதும் தாண்டிவிட்டாராம். எழுப்ப மனசு வரவில்லையாம்.

“அது கிடக்கட்டும் மாமா. நல்லா ஓட்டுறீங்கன்னு சொன்னாளா?”

“எங்க சொன்னா? வழியெல்லாம் குறட்டைதான் விட்டா மச்சான்” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.